விஞ்ஞானி சுப்பிரமணியன் சந்திரசேகர் (1910 – 1995)



பருத்தித்துறைத் தட்டைவடை சுடுவதை நீங்கள் எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள். அடுத்த தடவை வடையைப் பார்க்காமல், அது போடப்படுவதற்கு முன்னர் தாச்சியில் உள்ள எண்ணெயைச் சற்று உற்றுப் பாருங்கள். (தள்ளி நின்று பாருங்கள், எண்ணெய் தெறிக்கும்.) அடுப்பை மூட்டிய தொடக்கத்தில் எண்ணெய் அசையாது கிடப்பது போலத் தோன்றும். சிறிது நேரத்தில் அதன் மேற்பரப்பில் நெளிவுகள் தோன்றும். சூடேறிய எண்ணெய் அடியிலிருந்து எழுந்து, மேலே பரந்து, குளிர்ந்து, வேறோர் இடத்தில் கீழிறங்கும். இதற்கு மேற்காவுகை என்று பெயர் என விஞ்ஞானப் பாடத்தில் படித்துள்ளீர்கள். ஆனால் அசையாது கிடந்த எண்ணெய் எந்தக் கட்டத்தில் அசையத் தொடங்குகின்றது? ஏன் அதற்கு முன்னர் அசையவில்லை? இவ்வினாக்களைப் பாடநூல் உங்களிடம் கேட்பதில்லை.

இதே வினாவைச் சூரியனைப் பற்றியும் பூமியின் உருகிய உள்ளகத்தைப் பற்றியும் கேட்டு, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அதற்கென்றே செலவிட்ட ஒருவரின் வரலாற்றையே இப்பகுதியில் படிக்கப்போகின்றீர்கள். அவர் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்தவர். வெண்குள்ள உடுக்கள் பற்றிய கண்டுபிடிப்புக்காகவே அவரைப் பலரும் அறிவர். அக்கண்டுபிடிப்பு அவரது இருபதாவது வயதுக்குரியது. அதன் பின்னர் அவர் செய்தவை பற்றிப் பொது அறிவு நூல்கள் பெரும்பாலும் எதுவும் கூறுவதில்லை.

வரலாற்றுக்குச் செல்ல முன்னர் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். சூடான தேநீரை மேசையில் வைத்துவிட்டால் அது ஆறி, அறையின் வெப்பநிலையை அடைகின்றது. அதன் பின்னர் எதுவும் மாறுவதில்லை. இதுவே வெப்பச் சமநிலை ஆகும். சமநிலையில் உள்ள வாயுவின் மூலக்கூறுகள் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைக் கோடிக்கணக்கான மூலக்கூறுகளின் சராசரியைக் கொண்டு கணிக்கும் முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மக்ஸ்வெல், போல்ட்ஸ்மன் ஆகியோர் உருவாக்கினர். இதனைப் புள்ளிவிபரப் பௌதிகவியல் என்பர். ஆனால் அடுப்பின் மேலுள்ள எண்ணெய் சமநிலையில் இல்லை. சூரியனும் சமநிலையில் இல்லை. உங்கள் உடலும், உயிருடன் உள்ள வரை, சமநிலையில் இல்லை. சக்தி ஒரு பக்கத்தால் வந்து மறு பக்கத்தால் போய்க்கொண்டே இருக்கும் இத்தகைய தொகுதிகளைக் கணிப்பது மிகக் கடினம். நமது அறிஞரின் பிற்கால உழைப்பிற் பெரும்பகுதி இத்துறையைச் சார்ந்தது.

இளமைக் காலம்

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910 ஒக்டோபர் 19 ஆம் திகதி, அக்காலத்தில் பிரித்தானிய இந்தியாவின் நகராக இருந்த லாகூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் அரசாங்கக் கணக்காய்வுத் துறையில் உயர் பதவி வகித்தவர். வேலையின் நிமித்தமே குடும்பம் லாகூரில் வாழ்ந்தது. பத்துப் பிள்ளைகளுள் சந்திரசேகர் மூன்றாமவர், ஆண்களில் மூத்தவர். தாயார் சீதாலட்சுமி நோர்வே நாடகாசிரியரான இப்சனின் புகழ்பெற்ற நாடகமான பொம்மை வீட்டைத் தமிழில் மொழிபெயர்த்தவர். பத்துப் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே அதைச் செய்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

1930 இல் நோபல் பரிசு பெற்ற சேர். சி. வி. இராமன் இவரின் சிறிய தந்தையார் ஆவார். பரீட்சையில் இவ்விருவரையும் மாற்றி எழுதும் மாணவர்கள் உளர். ஒளிச் சிதறலுக்காக 1930 இல் பரிசு பெற்றவர் இராமன். உடுக்களைப் பற்றிய ஆய்வுக்காக 1983 இல் பரிசு பெற்றவர் சந்திரசேகர்.

1918 இல் குடும்பம் சென்னையிற் குடியேறியது. பன்னிரண்டு வயது வரை வீட்டிலேயே கல்வி. பின்னர் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், 1925 முதல் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். அவருடைய விருப்பம் கணிதத்தில் இருந்தது. தந்தையாரோ மகன் இந்திய சிவில் சேவைப் பரீட்சை எழுதி உயர் அதிகாரியாக வேண்டும் என விரும்பினார். (இன்று நம் வீடுகளில் வைத்தியர், பொறியியலாளர் என்று சொல்லப்படுவதை அன்று சிவில் சேவை என்று சொன்னார்கள்.) தாயார் மகனின் பக்கம் நின்றார். இறுதியில் பௌதிகவியல் சிறப்புப் பட்டம் என முடிவாயிற்று.

1928 இல் ஜேர்மனியப் பௌதிகவியலாளரான சொமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். அணுவின் கட்டமைப்புப் பற்றி அவர் எழுதிய நூலைச் சந்திரசேகர் ஏற்கெனவே கரைத்துக் குடித்திருந்தார். பதினெட்டு வயதும் நிரம்பாத அம்மாணவர் விருந்தினர் விடுதிக்கே சென்று பேராசிரியரைச் சந்தித்தார். அங்கு அவருக்குக் கிடைத்தது பாராட்டு அல்ல, அதிர்ச்சி. தாம் எழுதிய நூல் பழையதாகிவிட்டது என்றும், அணு பற்றிய கருத்துகள் முற்றாக மாறிவிட்டன என்றும் சொமர்ஃபெல்ட் தெரிவித்தார். அத்துடன் நில்லாது, உலோகங்களில் உள்ள இலத்திரன்கள் பற்றித் தாம் எழுதி அச்சுக்குச் சென்றுகொண்டிருந்த கட்டுரையின் பிரதியையும் கொடுத்தார். அக்கட்டுரையின் அடிப்படை, இலத்திரன்களுக்கான புதிய புள்ளிவிபர முறையாகும். சில மாதங்களுக்குள் அம்முறையைப் பயன்படுத்திச் சந்திரசேகர் எழுதிய ஆய்வுக் கட்டுரை 1929 இல் இலண்டன் றோயல் கழகத்தின் வெளியீட்டில் பிரசுரமாயிற்று. அப்போது அவர் பட்டம்கூடப் பெற்றிருக்கவில்லை.

கப்பலிற் செய்த கணக்கு

அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் திரினிற்றிக் கல்லூரிக்குப் புறப்படும் நேரத்தில் தாயார் கடும் நோயுற்றிருந்தார். திரும்பி வரும்போது அவரைக் காண முடியாது என்பது மகனுக்கும் தெரிந்திருந்தது. போக வேண்டாம் எனத் தாயார் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் நின்றிருப்பார். தாயாரோ போகும்படியே வற்புறுத்தினார். 1930 யூலை 31 ஆம் திகதி பம்பாயிலிருந்து கப்பல் புறப்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதம் தாயார் காலமானார். மகன் அப்போது கேம்பிரிட்ஜில் இருந்தார். படிப்புக்காகவும் வேறு காரணங்களுக்காகவும் உறவுகளைப் பிரிந்து கடல் கடந்தோர் நம் ஊரில் வீட்டுக்கு வீடு உள்ளனர். ஆகவே இதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அக்கப்பற் பயணத்தின்போது அவர் செய்த கணக்கே வானியலின் போக்கை மாற்றியது. அதன் கருத்தை நீங்களும் விளங்கிக்கொள்ளலாம்.

பரீட்சை மண்டபமொன்றைக் கற்பனை செய்யுங்கள். ஒரு மேசைக்கு ஒரு பரீட்சார்த்தி மட்டுமே. முன் வரிசைகள் நிரம்பியதும் வருபவர்கள் பின் வரிசைகளுக்குச் செல்ல வேண்டும். இலத்திரன்களும் இவ்வாறே. ஒரு நிலையில் ஓர் இலத்திரன் மட்டுமே இருக்கலாம். குறைந்த சக்தி கொண்ட நிலைகள் நிரம்பிவிட்டால் ஏனையவை கூடிய சக்தி கொண்ட, அதாவது கூடிய வேகம் கொண்ட, நிலைகளுக்குச் சென்றே ஆக வேண்டும். எனவே எரிபொருள் தீர்ந்து குளிர்ந்துவிட்ட உடுவிலும் இலத்திரன்கள் ஓய்வதில்லை. அவை வெளிநோக்கி அமுக்கத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஈர்ப்பினால் உடு நொறுங்கி விழாமல் தாங்குவது அந்த அமுக்கமே. இத்தகைய உடுவே வெண்குள்ளன் எனப்படுகின்றது. ஏறக்குறையச் சூரியனின் திணிவு, பூமியளவு பருமனுக்குள் அடங்கியிருக்கும். அதன் பொருளில் ஒரு தேக்கரண்டியளவு பல தொன் நிறையுடையது. இந்த விளக்கத்தை 1926 இல் தந்தவர் கேம்பிரிட்ஜில் சந்திரசேகருக்கு ஆசிரியராகவிருந்த ஃபௌலர் ஆவார்.

கப்பலில் இருந்த மாணவர் கேட்ட வினா இதுதான்: உடுவின் திணிவு கூடக்கூட இலத்திரன்களின் வேகமும் கூட வேண்டும், ஆனால் ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கையின்படி எதுவும் ஒளியின் வேகத்தை மிஞ்ச முடியாதே, அப்போது என்ன நடக்கும்? கணித்துப் பார்த்தபோது, குறித்த திணிவுக்கு மேல் அமுக்கத்தினால் ஈர்ப்பைத் தாங்க முடியாது என்ற விடை வந்தது. அந்த எல்லை சூரியத் திணிவின் ஏறத்தாழ 1.4 மடங்காகும். இன்று இது சந்திரசேகர் எல்லை என அழைக்கப்படுகின்றது. இதே காலத்தில் இங்கிலாந்தில் ஸ்டோனர் என்பவரும் இதையொத்த முடிவொன்றை அடைந்திருந்தார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்படியாயின், அதனினும் கூடிய திணிவுடன் எஞ்சும் உடுவின் கதி என்ன? அது வெண்குள்ளனாக ஓய முடியாது. மேலும் மேலும் ஒடுங்கியாக வேண்டும். கருந்துளை என்ற சொல்லே அன்று இருக்கவில்லை.

1935 ஜனவரி 11

சந்திரசேகர் 1933 இல் கலாநிதிப் பட்டம் பெற்று, அதே ஆண்டில் திரினிற்றிக் கல்லூரியின் ஆய்வாளராகத் தெரிவானார். அக்காலத்தில் வானியலின் முடிசூடா மன்னராக விளங்கியவர் சேர் ஆதர் எடிங்டன். 1919 இல் சூரிய கிரகணத்தை அவதானித்து ஐன்ஸ்டைனின் கொள்கையை உறுதிப்படுத்தியவர் இவரே. சந்திரசேகரின் அறைக்கு அடிக்கடி வந்து கணிப்புகள் எவ்வாறு செல்கின்றன என விசாரித்தார். கணிப்புப் பொறியொன்றைப் பெறுவதற்கும் உதவினார். ஆனால் தமக்கு அதில் உடன்பாடு இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

1935 ஜனவரி 11 இல், இலண்டனில் றோயல் வானியற் கழகத்தின் கூட்டத்தில் சந்திரசேகர் தமது முழுமையான முடிவுகளை வாசித்தார். அவரையடுத்து எடிங்டன் எழுந்தார். எடிங்டன் அதே பொருளைப் பற்றிப் பேசவுள்ளார் என்பதே முதல் நாள்தான் இளைஞருக்குத் தெரிய வந்திருந்தது. உடு இவ்வாறு முடிவின்றி ஒடுங்கிச் செல்வது அபத்தம் என்றும், அதைத் தடுக்க இயற்கையில் ஏதேனும் விதி இருந்தே ஆக வேண்டும் என்றும், குவாண்டக் கொள்கையையும் சார்புக் கொள்கையையும் இணைத்த முறையே தவறு என்றும் எடிங்டன் நகைச்சுவையோடு பேசினார். சபை சிரித்தது. சந்திரசேகருக்கு மறுமொழி கூற வாய்ப்புக் கிடைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு.

கணக்கில் பிழை இருக்கவில்லை. போர், பௌலி போன்ற முன்னணிப் பௌதிகவியலாளர்கள் சந்திரசேகரின் பக்கமே சரியென்று தனிப்பட்ட முறையில் கருதினர். ஆயினும் எவரும் வெளிப்படையாக எழுத முன்வரவில்லை. எடிங்டனோடு மோதி வீண் பிரச்சினையில் மாட்டிக்கொள்வானேன் என்பது அவர்களது எண்ணம். வகுப்பறையில் இப்படி ஒரு மௌனத்தை நீங்களும் அறிவீர்கள்.

இவ்விடத்தில் எடிங்டனைக் கெட்ட மனிதர் என எழுதிவிடுவது எளிது. அது சரியன்று. இருவரும் இறுதிவரை நண்பர்களாகவே இருந்தனர். 1944 இல் எடிங்டன் மறைந்தபோது சந்திரசேகர் அவரை உயர்வாகப் புகழ்ந்தார். பல்லாண்டுகளின் பின்னர் அவரைப் பற்றிய சொற்பொழிவுகளை நூலாகவும் வெளியிட்டார். எனினும் சேதம் சேதமே. இந்த எல்லையின் முக்கியத்துவம் பரவலாக ஏற்கப்படப் பல பத்தாண்டுகள் சென்றன.

சந்திரசேகர் என்ன செய்தார்? சண்டையைத் தொடரவில்லை. தாம் அறிந்தவற்றை உடுக்களின் அமைப்புப் பற்றிய நூலாக எழுதி 1939 இல் வெளியிட்டார். பின்னர் அத்துறையை விட்டு வேறொன்றுக்குச் சென்றார். இதுவே அவருடைய வாழ்நாள் வழக்கமாயிற்று: ஒரு துறையைத் தெரிவுசெய்து, ஐந்து முதல் பத்து ஆண்டுகள் ஆழ உழுது, முழுவதையும் ஒரு பெரிய நூலாக்கி, கதவைச் சாத்திவிட்டு அடுத்ததற்குச் செல்லுதல். இவ்வழக்கத்தை எல்லோருக்கும் பரிந்துரைக்க முடியாது. ஆனால் இவருக்கு அது பொருந்தியது.

காசு சுண்டி நடத்தல்

1936 இல் சென்னைக்கு வந்து, மாநிலக் கல்லூரியில் உடன் பயின்ற லலிதா துரைசாமியைத் திருமணம் செய்தார். 1937 ஜனவரியில் அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யேர்க்ஸ் வானாய்வு நிலையத்தில் பணியேற்றார். அங்கும் எல்லாம் இனிதாக அமையவில்லை. அவரது தோல் நிறத்தைக் காரணம் காட்டி, பல்கலைக்கழக வளாகத்தில் அவர் விரிவுரையாற்றுவதைப் பீடத் தலைவர் ஒருவர் ஆட்சேபித்தார். பல்கலைக்கழகத் தலைவரான ஹட்சின்ஸ் தலையிட்டு அதை நிராகரித்தார்.

இக்காலத்தில் அவர் தெரிவுசெய்த துறை உடுக்கூட்டங்களின் இயக்கம் ஆகும். இதற்கு அவர் உதவிக்கு அழைத்தது பூந்தாதிலிருந்து வந்த ஒரு பழைய புதிரை. 1827 இல் றொபேட் பிறௌண் என்னும் தாவரவியலாளர், நீரில் மிதக்கும் நுண்துணிக்கைகள் ஓயாது அங்குமிங்கும் துடிப்பதை நுணுக்குக்காட்டியிற் கண்டார். 1905 இல் ஐன்ஸ்டைன் இதற்கான காரணத்தைக் கணித்துக் காட்டினார்: கண்ணுக்குத் தெரியாத நீர் மூலக்கூறுகள் எல்லாத் திசைகளிலிருந்தும் துணிக்கையை மோதுகின்றன.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். முனைக் கடற்கரை மணலில் ஒரு கோடு கீறி, அதில் நின்று ஒரு நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் கிழக்கே ஓரடி, பூ விழுந்தால் மேற்கே ஓரடி. 100 தடவைகளின் பின்னர் தொடங்கிய இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருப்பீர்கள்? எத்திசையில் என்று கூற முடியாது. ஆனால் தூரம் ஏறத்தாழ 10 அடி என்ற அளவில் இருக்கும். 100 இன் வர்க்கமூலம் 10 அல்லவா? இரு மடங்கு தூரம் செல்ல வேண்டுமானால் 200 அல்ல, 400 தடவைகள் சுண்ட வேண்டும். தனித்தனி அடிகள் தற்செயலானவை. தொகுப்போ விதிக்குக் கட்டுப்பட்டது. நிகழ்தகவு என்ற பாட அலகு எதற்கென்று கேட்பவர்களுக்கு இதையே காட்டலாம்.

1943 இல் சந்திரசேகர் இத்தகைய தற்செயல் இயக்கங்கள் யாவற்றையும் ஒன்றுதிரட்டி நீண்டதொரு கட்டுரையை வெளியிட்டார். துணிக்கைகளின் நடை, கூழ்த் துணிக்கைகள் ஒட்டித் திரளுதல், தடையொன்றைத் தாண்டித் தப்புதல், உடுக்களின் இயக்கம் எல்லாம் அதில் ஒரே கணிதத்தில் அடங்கின. பௌதிகவியலாளர் மட்டுமன்றி இரசாயனவியலாளரும் உயிரியலாளரும் இன்றும் அதை எடுத்துப் படிக்கின்றனர். சமநிலைக்கு அப்பால் உள்ள தொகுதிகளின் புள்ளிவிபரவியலைக் கற்பவர்கள் தொடக்கத்திற் சந்திக்கும் நூல்களுள் ஒன்றாக அது நிலைத்துவிட்டது.

அதே ஆண்டில் இன்னொன்றையும் கண்டார். அயல் உடுக்களின் ஈர்ப்பு ஓர் உடுவைத் தற்செயலாக அங்குமிங்கும் தள்ளுகின்றது. தள்ளுதல் மட்டுமே நிகழுமாயின் உடுவின் வேகம் காலப்போக்கிற் கூடிக்கொண்டே போக வேண்டும். அவ்வாறு நடப்பதில்லை, எனவே வேகத்தைக் குறைக்கும் உராய்வு போன்ற ஒன்றும் கூடவே இருக்க வேண்டும். வெற்றிடத்தில் எப்படி உராய்வு வரும்? திருவிழாக் கூட்டத்தினூடே ஐஸ்கிறீம் வண்டி செல்வதை நினைத்துப் பாருங்கள். சிறுவர்கள் வண்டியை நோக்கி ஓடி வருகின்றனர். அவர்கள் வந்து சேருவதற்குள் வண்டி சற்று முன்னே போய்விடுகின்றது. ஆகவே கூட்டம் எப்போதும் வண்டிக்குப் பின்னாலேயே சேருகின்றது. உடுவால் ஈர்க்கப்பட்ட அயல் உடுக்களும் இவ்வாறே அதன் பின்னால் சற்று நெருங்கி, அதைப் பின்னோக்கி இழுக்கின்றன. இதனை இயக்க உராய்வு என்பர்.

கார்த்திகை மாத இரவில் கிழக்கு வானில் எழும் கார்த்திகை உடுக்கூட்டத்தை உங்களுக்குத் தெரியும். வெறுங்கண்ணுக்கு ஆறு உடுக்கள். தொலைகாட்டியில் நூற்றுக்கணக்கில் தெரியும். இத்தகைய கூட்டம் ஒருபோதும் உண்மையான சமநிலையை அடைவதில்லை. தற்செயலாக மிகு வேகம் பெற்ற உடுக்கள் கூட்டத்தை விட்டுத் தப்பிவிடுகின்றன. எஞ்சியவற்றுள் வேறு சில வேகம் பெறுகின்றன, அவையும் தப்புகின்றன. ஈரத்துணி காய்வது போல, கூட்டம் மெல்ல மெல்லக் கரைகின்றது. உராய்வைக் கணக்கிற் சேர்க்காவிட்டால் இக்கூட்டங்கள் மிக விரைவிற் கரைந்திருக்க வேண்டும் என்பதையும், உராய்வே அதைத் தாமதப்படுத்துகின்றது என்பதையும் சந்திரசேகர் காட்டினார்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மேரிலாந்தில் இருந்த இராணுவ ஆய்வுகூடத்தில் அதிர்ச்சி அலைகள் பற்றிய கணிப்புகளில் ஈடுபட்டார். போரின் பின்னர் ஒளி வளிமண்டலத்தினூடு செல்லும் விதம் பற்றிய ஆய்வு, 1950 இல் இன்னொரு பெரிய நூல். இவற்றை இங்கு விரிக்கவில்லை.

மீண்டும் தாச்சிக்கு

1952 அளவில் அவர் எடுத்துக்கொண்டதே நாம் தொடக்கத்திற் கேட்ட வினா. 1900 அளவில் பிரான்சில் பெனார் என்பவர் மெல்லிய திரவப் படையைக் கீழிருந்து சீராகச் சூடாக்கினார். திரவம் தேனடை போன்ற அறுகோணக் கலங்களாகத் தானே பிரிந்துகொண்டது. எவரும் வரைந்து கொடுக்காத ஒழுங்கு, சக்தி பாய்வதால் மட்டுமே தோன்றியது. அடுப்பை அணைத்தால் மறைந்தது. 1916 இல் றேலி பிரபு இதற்குக் கணிதம் அமைத்தார். சூடான திரவம் அடர்த்தி குறைந்ததால் எழ முயல்கின்றது. பாகுநிலையும் வெப்பக் கடத்தலும் அதைத் தடுக்கின்றன. முன்னதற்கும் பின்னவற்றுக்கும் இடையேயான விகிதத்தை ஓர் எண்ணாகக் கூறலாம். அதற்கு றேலி எண் என்று பெயர். படையின் மேலும் கீழும் திண்மத் தட்டுகள் இருக்குமாயின், அவ்வெண் 1708 ஐத் தாண்டும்போது இயக்கம் தொடங்கும். அதற்குக் கீழே எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் தொடங்காது. ஏனையவை மாறாதிருக்கப் படையின் ஆழத்தை இரு மடங்காக்கினால் இவ்வெண் 8 மடங்காகும் என்பதையும் கவனியுங்கள். ஆழமான பாத்திரத்தில் திரவம் இலகுவிற் புரளத் தொடங்குவது இதனாலேயே.

உங்கள் தாச்சி வளைந்தது. அடுப்பும் சீராகச் சூடாக்குவதில்லை. எனவே 1708 என்ற எண்ணை அங்கே தேட வேண்டாம். தட்டையான அடியுள்ள பாத்திரம் இதற்கு ஓரளவு பொருத்தமானது.

ஆனால் சூரியனும் பூமியின் உள்ளகமும் வெறும் பாத்திரங்கள் அல்ல. அவை சுழல்கின்றன, அவற்றில் காந்தப்புலமும் உண்டு. இவை சேர்ந்தால் அந்த எல்லை எண் எவ்வாறு மாறும்? சுழற்சி தனியே இயக்கத்தைத் தடுக்கும் என்றும், மின்னைக் கடத்தும் திரவத்தில் காந்தப்புலமும் தனியே தடுக்கும் என்றும் சந்திரசேகர் கணித்தார். இரண்டும் ஒன்றாகச் செயற்படும்போதோ இரட்டிப்பாகத் தடுக்கும் என்றுதானே எதிர்பார்ப்பீர்கள்? அவ்வாறன்று. சில நிலைமைகளில் ஒன்று மற்றதன் பிடியைத் தளர்த்திவிடுகின்றது.

இக்கணிப்புகளின் பின்னால் இன்னொருவர் இருந்தார். டொனா எல்பேட் என்ற பெண்மணி பாடசாலைக் கல்வியை முடித்து, 1948 இல் யேர்க்ஸ் நிலையத்திற் கணிப்பு உதவியாளராகச் சேர்ந்தவர். மின்கணினி கிடைக்காத அக்காலத்தில் எண்களையெல்லாம் கைப்பொறியில் கணித்தார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சந்திரசேகருடன் பணியாற்றினார். சுழற்சியும் காந்தப்புலமும் சேர்ந்துள்ளபோது இருவகை இயக்கங்கள் உருவாகக்கூடும் என்பதைக் கண்டவர் அவரே எனச் சந்திரசேகர் தமது நூலிற் குறிப்பிட்டார். ஆனால் அக்குறிப்பைக் கவனித்தவர்கள் சிலரே. 2022 இல் இரு விஞ்ஞானிகள் பூமியின் உள்ளகத்தை ஆராயும்போது அதை மீண்டும் எடுத்து, அந்த வீச்சுக்கு எல்பேட் வீச்சு எனப் பெயரிட்டனர். எல்பேட் 2019 இலேயே மறைந்துவிட்டார்.

கணித்ததோடு சந்திரசேகர் நின்றுவிடவில்லை. சிக்காகோவில் ஃபுல்ட்ஸ், நக்ககாவா ஆகியோர் இரசத்தைச் சுழலும் பாத்திரத்தில் இட்டுச் சூடாக்கியும், பெரிய காந்தத்தினுள் வைத்துச் சூடாக்கியும் பரிசோதித்தனர். எதிர்வுகூறப்பட்டவையே நிகழ்ந்தன. சுழலும் இரசத்தில் இயக்கம் சீராகத் தொடங்காமல், ஊஞ்சல் போல முன்னும் பின்னும் அலைந்து தொடங்கும் எனச் சந்திரசேகர் கணித்திருந்தார். அதுவும் காணப்பட்டது. இந்த வகை அலைவுக்கு முன்னரே ஒரு பெயர் இருந்தது. அப்பெயரைச் சூட்டியவர் வேறு யாருமல்லர், எடிங்டன். 1954 இல் வெளியான பரிசோதனைக் கட்டுரையின் தலைப்பிலேயே எடிங்டனின் பெயர் இடம்பெற்றது.

1961 இல் இவ்வாய்வுகள் அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட நூலாயின. சந்திரசேகர் ஆராய்ந்தது அமைதி குலையும் வாசலை. அந்த வாசலுக்கு வெகு தூரம் அப்பால் என்ன நடக்கின்றது என்பதைப் பின்வந்தோர் ஆராய்ந்தனர். அவர்களுள் ஒருவரான பெல்ஜிய அறிஞர் இலியா பிரிகோஜின், பெனாரின் கலங்களையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, சக்தி பாயும் தொகுதிகளில் ஒழுங்கு பிறப்பதை விளக்கினார்; 1977 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

பிற்காலம்

1952 முதல் 1971 வரை வான்பௌதிகவியல் ஆய்விதழொன்றின் ஆசிரியராக இருந்து, அதை உலகின் முதன்மை இதழ்களுள் ஒன்றாக்கினார். யேர்க்ஸிலிருந்து சிக்காகோவுக்கு ஏறத்தாழ 130 கிலோமீற்றர். அத்தூரத்தை வாகனத்திற் சென்று, இரண்டே மாணவர்கள் கொண்ட வகுப்புக்குப் பாடம் நடத்தினார் என்று சொல்லப்படுவதுண்டு. அவ்விருவரான லீ, யாங் ஆகியோர் 1957 இல் நோபல் பரிசு பெற்றனர். ஆசிரியருக்கு அதன் பின்னர் இன்னும் இருபத்தாறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

1953 இல் அவரும் லலிதாவும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றனர். மகன் என்றாவது திரும்பி வருவான் என எதிர்பார்த்திருந்த தந்தையாருக்கு இது பெரும் மனவருத்தத்தைக் கொடுத்தது. இந்தியா 1968 இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருதை வழங்கியது.

1983 ஒக்டோபர் 19 ஆம் திகதி, அவருடைய 73 ஆவது பிறந்தநாளன்று, பௌதிகவியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. வில்லியம் ஃபௌலர் என்ற அமெரிக்கருடன் அதைப் பகிர்ந்துகொண்டார். (கேம்பிரிட்ஜ் ஆசிரியரான ஃபௌலர் வேறு, இவர் வேறு.) கப்பலிற் கணக்கிட்டு 53 ஆண்டுகள் சென்றிருந்தன. அதே ஆண்டில் கருந்துளைகளின் கணிதம் பற்றிய நூலையும் வெளியிட்டார். இலண்டனில் எந்த ஒடுக்கத்தை அபத்தம் என்று கூறிச் சபை சிரித்ததோ, அதன் முடிவில் உள்ள பொருள்களைப் பற்றியே அந்நூல். நியூற்றனின் நூலுக்கு விளக்கம் எழுதி 1995 இல் வெளியிட்டார். அதே ஆண்டு ஓகஸ்ட் 21 ஆம் திகதி சிக்காகோவில் காலமானார். லலிதா 2013 வரை வாழ்ந்தார்.

1999 யூலை 23 இல் விண்ணுக்கு அனுப்பப்பட்ட எக்ஸ் கதிர்த் தொலைகாட்டிக்கு, நண்பர்கள் அவரை அழைத்த பெயரான சந்திரா என்பதே சூட்டப்பட்டது. மாசி மாத முன்னிரவில் பருத்தித்துறையிலிருந்து பார்த்தால் வானில் மிகப் பிரகாசமாகத் தெரியும் உடு சீரியஸ். அதனருகே, வெறுங்கண்ணுக்குத் தெரியாத வெண்குள்ளன் ஒன்று உள்ளது. சந்திரா எடுத்த எக்ஸ் கதிர்ப் படத்தில் அவ்விரண்டுள் பிரகாசமாகத் தெரிவது அந்த வெண்குள்ளனே.

பயிற்சி வினாக்கள்

1. வெண்குள்ளனை ஈர்ப்பிலிருந்து தாங்கும் அமுக்கம் எங்கிருந்து வருகின்றது? பரீட்சை மண்டப உவமையைப் பயன்படுத்தி விளக்குக.
2. காசு சுண்டி நடப்பவர் 900 தடவைகள் சுண்டினால், தொடங்கிய இடத்திலிருந்து ஏறத்தாழ எத்தனை அடி தூரத்தில் இருப்பார்?
3. திரவப் படையொன்றின் றேலி எண் 300 ஆகும். ஏனையவை மாறாதிருக்க ஆழம் இரு மடங்காக்கப்பட்டால், திண்மத் தட்டுகளுக்கிடையே உள்ள அத்திரவம் இயங்கத் தொடங்குமா? காரணம் தருக.
4. 1935 இல் சந்திரசேகரின் முடிவு சரியென அறிந்திருந்தவர்கள் ஏன் வெளிப்படையாகக் கூறவில்லை? அவர்களிடத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் எனச் சுருக்கமாக எழுதுக.